கட்டளைக்கு ஒரு பட்டப்பெயர்: கட்டளைவரியில் மாற்றுப்பெயர் அமைத்தல்



வங்காலைக் கடற்கரையில் நின்று "அந்தோனி" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். புனிதர்களின் பெயர்களையே தலைமுறை தலைமுறையாக இட்டு வருவதால் ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள். ஆகவேதான் ஊரில் பட்டப்பெயர் புழங்குகிறது. அது சிறியது, வாயில் இலகுவாக வருவது, கூப்பிட்டவுடன் உரியவரே திரும்புவார். ஆனால் அதே பட்டப்பெயரை மன்னார் நகரில் ஓர் அலுவலகத்திற் போய்ச் சொன்னால் எவருக்கும் விளங்காது. உங்கள் பரீட்சை அனுமதி அட்டையிலும் அப்பெயர் அச்சிடப்படுவதில்லை.

கணினிக் கட்டளைகளுக்கும் இவ்வாறு பட்டப்பெயர் இடலாம். அதனை மாற்றுப்பெயர் என்பர். பட்டப்பெயருக்குள்ள பயனும் அதற்குள்ள எல்லையும் மாற்றுப்பெயருக்கும் அப்படியே பொருந்தும். இவ்விரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் இயல வேண்டியவை:

• கட்டளைவரி இடைமுகம், ஷெல் ஆகியவற்றை விளக்குதல்
• மாற்றுப்பெயரை வரைவிலக்கணப்படுத்துதல்
• மாற்றுப்பெயர் ஒன்றை உருவாக்குதல், பார்வையிடுதல், நீக்குதல், நிலைக்கச் செய்தல்
• மாற்றுப்பெயரின் எல்லைகளையும் அதனால் ஏற்படக்கூடிய ஆபத்தையும் எடுத்துக்காட்டுடன் கூறுதல்

1. கட்டளைவரியும் ஷெல்லும்

பயனர் கணினியுடன் தொடர்புகொள்ளும் வழி பயனர் இடைமுகம் எனப்படும். பணிசெயல் முறைமை பற்றிய அலகில் இதன் இரண்டு வகைகளை நீங்கள் ஒப்பிட வேண்டியிருக்கும்.

வரைவியல் பயனர் இடைமுகம்: படவுருக்களையும் பட்டிகளையும் சுட்டியினாற் சொடுக்கி வேலை செய்யலாம். கட்டளைகளை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

கட்டளைவரி இடைமுகம்: கட்டளையை எழுத்தில் தட்டெழுதி என்டர் விசையை அழுத்த வேண்டும். கட்டளைகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். எனினும் பழகியவருக்கு வேகமானது. குறைந்த நினைவகமே போதும்.

கட்டளைவரியில் நீங்கள் எழுதுவதை வாசித்து, பொருள் கொண்டு, பணிசெயல் முறைமையின் கருவிடம் ஒப்படைக்கும் செய்நிரலே ஷெல் ஆகும். ஷெல் என்றதும் நம் வீடுகளில் வேறொரு நினைவு வரக்கூடும். இங்கு அச்சொல்லின் பொருள் ஓடு என்பதாகும். மட்டியின் சதையை ஓடு மூடியிருப்பது போல, பணிசெயல் முறைமையின் கருவைச் சுற்றி ஷெல் அமைந்துள்ளது. பயனர் தொடுவது ஓட்டையே, கருவை நேரடியாக அல்ல.

லினக்ஸ் கணினிகளிற் பெரிதும் பாவிக்கப்படும் ஷெல் பாஷ் ஆகும். இதனை பிரையன் பொக்ஸ் என்பவர் எழுதினார். இது 1989இல் வெளியிடப்பட்டது. இப்பாடத்தின் செய்முறைகள் யாவும் பாஷ் ஷெல்லுக்கு உரியவை.

2. கட்டளைகள் ஏன் இவ்வளவு குறுகியவை?

லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் முறைமையை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற திரை பரவலாக இருக்கவில்லை. தட்டச்சுப் பொறியை ஒத்த டெலிடைப் என்னும் பொறியிலேயே கட்டளைகளை எழுதினர். விடைகளும் அதே பொறியிற் கடதாசியில் அச்சாகி வந்தன. பரவலாகப் பாவிக்கப்பட்ட டெலிடைப் 33 என்னும் பொறி செக்கனுக்கு 10 எழுத்துகளை மாத்திரமே அச்சிட்டது. அதாவது 40 எழுத்துகளைக் கொண்ட ஒரு வரிக்கு 4 செக்கன்கள் செல்லும். விசைகளும் அழுத்துவதற்குக் கடினமானவை. இந்நிலையில் ஒவ்வோர் எழுத்தையும் மிச்சப்படுத்துவது நன்மையாக இருந்தது. யுனிக்ஸ் கட்டளைகள் பல இரண்டே எழுத்துகளாக அமைந்தமைக்கு இது ஒரு காரணமாகும்.

ஆயினும் கட்டளை குறுகியதாக இருந்தாலும் அதனுடன் சேர்க்கும் தெரிவுகளும் கோப்புறைப் பாதைகளும் நீளமானவை. ஒரே நீண்ட வரியை நாளொன்றுக்கு இருபது தடவை எழுத வேண்டியிருந்தால் என்ன செய்வது? இதற்கு விடையாக வந்ததே மாற்றுப்பெயர். 1970களின் இறுதியில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜோய் எழுதிய சீ ஷெல்லில் இவ்வசதி இருந்தது. 1979இல் வெளிவந்த போர்ன் ஷெல்லில் இருக்கவில்லை. 1983இல் டேவிட் கோர்ன் அறிமுகஞ்செய்த கோர்ன் ஷெல்லில் இவ்வசதி இடம்பெற்றது. பின்னர் பாஷ் ஷெல்லிலும் சேர்ந்தது. நாம் இன்று பாஷ் ஷெல்லில் எழுதும் முறை கோர்ன் ஷெல்லின் முறையை ஒத்ததாகும்.

3. வரைவிலக்கணம்

கட்டளையொன்றுக்கு, அல்லது தெரிவுகளுடன் கூடிய முழுக் கட்டளை வரியொன்றுக்குப் பயனர் இடும் சுருக்கமான வேறொரு பெயர் மாற்றுப்பெயர் எனப்படும்.

மாற்றுப்பெயர் ஒரு புதிய கட்டளை அன்று. அது வெறும் சொல் மாற்றீடு ஆகும். நீங்கள் மாற்றுப்பெயரைத் தட்டெழுதியதும் ஷெல் அச்சொல்லை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் முழுக் கட்டளையை வைக்கிறது. அதன் பின்னரே கட்டளை நிறைவேறுகிறது. பரீட்சை விடையில் "சொல் மாற்றீடு" என்னும் கருத்துத் தெளிவாக வர வேண்டும்.

4. குறிப்பு: இப்பாடத்தில் கட்டளைகள் எழுதப்பட்டுள்ள முறை

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியுள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டெழுதுக.

• ஏலியஸ்: ஏ, எல், ஐ, ஏ, எஸ் என்னும் ஐந்து எழுத்துகள். மாற்றுப்பெயரை உருவாக்கும் கட்டளை.
• அன்ஏலியஸ்: மேற்படி சொல்லின் முன்னே யூ, என் சேர்க்கப்படும். மாற்றுப்பெயரை நீக்கும் கட்டளை.
• எல்எஸ்: கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை.
• சீடீ: வேறொரு கோப்புறைக்குச் செல்லும் கட்டளை.
• ஆர்எம்: கோப்பை அழிக்கும் கட்டளை.
• ரைப்: ரீ, வை, பீ, ஈ என்னும் நான்கு எழுத்துகள். ஒரு பெயருக்குப் பின்னால் என்ன உள்ளது எனக் கூறும் கட்டளை.

மாற்றுப்பெயர்களை மாத்திரம் இங்கு காட்டியவாறே தமிழிலேயே எழுதலாம். ஆம், தமிழிலேயே. பாஷ் ஷெல்லில் சாய்கோடு, டொலர்க் குறி, சமக் குறி, மேற்கோட் குறி, இடைவெளி போன்ற சில குறிகள்தாம் மாற்றுப்பெயரில் வரக்கூடாது. தமிழ் எழுத்துகளுக்குத் தடையில்லை.

5. செய்முறை: மாற்றுப்பெயர் ஒன்றை உருவாக்குதல்

பொது வடிவம்:

ஏலியஸ் பெயர்='கட்டளை'

எடுத்துக்காட்டு 1. கோப்புகளின் அளவு, திகதி முதலிய விபரங்களுடன் பட்டியலைப் பெற எல்எஸ் கட்டளையுடன் எல் என்னும் தெரிவைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பட்டியல் எனப் பெயரிடுவோம்.

ஏலியஸ் பட்டியல்='எல்எஸ் -எல்'

என்டர் விசையை அழுத்துக. திரையில் எதுவும் தோன்றாது. பிழைச்செய்தி வராவிட்டால் வேலை முடிந்தது என்பது பொருள். இப்போது பட்டியல் என்று மாத்திரம் எழுதி என்டர் விசையை அழுத்துக. முழு விபரப் பட்டியல் வரும்.

எடுத்துக்காட்டு 2. நமது ஊரின் பெயரைத் தாங்கிய வங்காலைச் சரணாலயம் 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மழைக்காலத்தை அடுத்து வரும் பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் எண்ணிப் பதிவதை ஒரு செயற்றிட்டமாகச் செய்கிறீர்கள் எனக் கொள்வோம். பதிவுகள் உள்ள கோப்புறைக்குச் செல்ல ஒவ்வொரு நாளும் பின்வரும் வரியை எழுத வேண்டும்.

சீடீ ~/தரம்10/செயற்றிட்டம்/பறவைகள்

இதில் வரும் அலைக்குறி உங்கள் சொந்தக் கோப்புறையைக் குறிக்கும். இந்த நீண்ட வரிக்குப் பின்வருமாறு பெயரிடலாம்.

ஏலியஸ் பறவை='சீடீ ~/தரம்10/செயற்றிட்டம்/பறவைகள்'

இனி, பறவை என எழுதினாற் போதும். எந்தக் கோப்புறையில் நின்றாலும் அங்கு சென்றுவிடலாம்.

கவனிக்க வேண்டிய விதிகள்:

(அ) சமக் குறியின் இருபுறமும் இடைவெளி இருத்தலாகாது. இடைவெளி விட்டால் ஷெல் அதனை வெவ்வேறு சொற்களாக எடுத்து, அப்படி ஒரு பெயர் இல்லை எனப் பிழைச்செய்தி காட்டும்.

(ஆ) கட்டளையில் இடைவெளி இருப்பின் முழுவதையும் ஒற்றை மேற்கோட் குறிக்குள் இட வேண்டும். மேற்கோட் குறி இல்லாவிட்டால் எல்எஸ் என்பது மாத்திரமே பெயருடன் சேரும். மிகுதி தனிச் சொல்லாகிப் பிழையாகும்.

(இ) மாற்றுப்பெயரின் நடுவில் இடைவெளி வரக்கூடாது. "பறவைப் பட்டியல்" என இரு சொற்களாக எழுத முடியாது.

(ஈ) தமிழிற் பெயரிடும்போது ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் உயிர்மெய் எழுத்துகளைத் தவிர்ப்பது நன்று. யுனிகோட் முறையில் "கொ" என்பதை இருவிதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். ஷெல்லுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்களாகும்.

சில முனையச் சாளரங்களில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் அரவும் சற்று விலகித் தெரியலாம். அது காட்சிக் குறைபாடே. கட்டளை வேலை செய்யும்.

6. பார்வையிடுதல், நீக்குதல், நிலைக்கச் செய்தல்

பார்வையிடல்: ஏலியஸ் என்று மாத்திரம் எழுதி என்டர் விசையை அழுத்தினால் நடைமுறையிலுள்ள எல்லா மாற்றுப்பெயர்களும் வரிசையாகத் தோன்றும். உபுண்டு லினக்ஸில் நீங்கள் எதையும் உருவாக்காமலே சில பெயர்கள் தோன்றுவதைக் காண்பீர்கள். அவை அம்முறைமையுடன் வந்தவை.

நீக்கல்: அன்ஏலியஸ் பட்டியல் என எழுதினால் பட்டியல் என்னும் மாற்றுப்பெயர் நீங்கும். மூலக் கட்டளைக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படாது. பட்டப்பெயரை மறந்தால் ஆள் இல்லாமற் போவதில்லை அல்லவா?

நிலைக்கச் செய்தல்: முனையச் சாளரத்தை மூடியதும் நீங்கள் உருவாக்கிய மாற்றுப்பெயர்கள் மறைந்துவிடும். அவை அந்த அமர்வின் நினைவகத்தில் மாத்திரம் உள்ளவை. நிலைக்க வேண்டுமாயின் அவ்வரிகளை உங்கள் சொந்தக் கோப்புறையிலுள்ள அமைவுக் கோப்பில் எழுதிச் சேமிக்க வேண்டும். அக்கோப்பின் பெயர் ஒரு புள்ளியுடன் தொடங்கி, பாஷ் என்பதன் நான்கு எழுத்துகளும் (பீ, ஏ, எஸ், எச்) அடுத்து ஆர், சீ என்பனவும் சேர்ந்து அமையும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரண பட்டியலில் மறைந்திருக்கும். சேமித்தபின் புதிய முனையச் சாளரம் ஒன்றைத் திறந்தால் மாற்றுப்பெயர்கள் செயற்படும்.

7. ஷெல் ஒரு பெயரை எவ்வாறு தேடுகிறது?

வரியின் முதற் சொல்லை எடுத்து, ஷெல் பின்வரும் ஒழுங்கில் தேடும்.

முதலாவது: இது ஒரு மாற்றுப்பெயரா?
இரண்டாவது: பயனர் எழுதிய சார்பா?
மூன்றாவது: ஷெல்லினுள்ளேயே அமைந்த கட்டளையா?
நான்காவது: வட்டில் உள்ள செய்நிரலா?

நான்கிலும் கிடைக்காவிட்டால், கட்டளை கண்டறியப்படவில்லை என்ற செய்தி வரும்.

இந்த ஒழுங்கிலிருந்து மூன்று விடயங்களைப் பெறலாம்.

ஒன்று: மாற்றுப்பெயருக்கே முதலிடம். எனவே ஏற்கெனவே உள்ள கட்டளையொன்றின் பெயரையே மாற்றுப்பெயராக இட்டால், மாற்றுப்பெயர் மூலக் கட்டளையை மறைத்துவிடும்.

இரண்டு: கட்டளை வர வேண்டிய இடத்திலுள்ள சொல்லே பொதுவாக மாற்றப்படும். எல்எஸ் பறவை என எழுதினால் இரண்டாவது சொல்லான பறவை மாற்றப்படாது. அது ஒரு கோப்பின் பெயராகவே கொள்ளப்படும்.

மூன்று: ரைப் பறவை என எழுதினால், அது மாற்றுப்பெயர் என்பதையும் அதன் விரிவையும் ஷெல் கூறும். பழக்கமற்ற கணினியில் அமரும்போது ஐயமான பெயர் எதையும் இக்கட்டளையாற் சோதித்த பின்னரே பாவிக்க வேண்டும்.

மாற்றுப்பெயர்கள் பயனர் நேரடியாகத் தட்டெழுதும்போதே செயற்படும். கட்டளைகளைக் கோப்பொன்றில் எழுதி இயக்கும்போது பாஷ் ஷெல் வழமையாக அவற்றைக் கருத்திற் கொள்வதில்லை. மேலும், விரிவின் நடுவே ஒரு மதிப்பைப் புகுத்த மாற்றுப்பெயரால் இயலாது. அதற்குச் சார்பு எழுத வேண்டும்.

8. ஆபத்து எங்கே உள்ளது?

ஆர்எம் கட்டளையால் அழிக்கப்படும் கோப்பு மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்வதில்லை. நேரடியாக அழிந்துவிடும். கேள்வியும் கேட்காது. ஐ என்னும் தெரிவைச் சேர்த்தால் மாத்திரம் ஒவ்வொரு கோப்பையும் அழிக்கலாமா என வினவும். ஆகவே பலர் பாதுகாப்பிற்காகப் பின்வருமாறு மாற்றுப்பெயர் இடுவர்.

ஏலியஸ் ஆர்எம்='ஆர்எம் -ஐ'

மூலக் கட்டளையின் பெயரே மாற்றுப்பெயராகவும் உள்ளது. மாற்றிய பின் முதலில் வரும் அதே பெயரை ஷெல் மீண்டும் மாற்றாது. எனவே இது முடிவில்லாமற் சுழல்வதில்லை. ரெட் ஹற் வழிவந்த லினக்ஸ் பதிப்புகளில், முறைமை நிருவாகியின் கணக்கில் இத்தகைய வரி முன்கூட்டியே இடப்பட்டு வந்துள்ளது. உபுண்டுவின் வழமையான அமைவில் இது இல்லை.

எனது மடிக்கணினியிலும் இந்த வரி இருந்தது. கோப்புறையில் வேண்டாதவற்றை நீக்க ஆர்எம் என எழுதி, எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் உடுக்குறியையும் சேர்ப்பேன். கணினி ஒவ்வொன்றாகக் கேட்கும். வேண்டாதவற்றுக்கு ஆம் என்பேன். வேண்டியவற்றுக்கு இல்லை என்பேன். இது கைப்பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் இரவற் கணினி ஒன்றிலிருந்து வகுப்பு எடுத்தேன். பத்தாந்தர மாணவர் நால்வர் ஆறு வாரமாகச் சேர்த்த பறவைக் கணக்குகள் அதில் இருந்தன. இரண்டு பழைய பிரதிகளை நீக்குவதற்காக வழமைபோல எழுதி என்டர் விசையை அழுத்தினேன். கேள்வி வரவில்லை. அடுத்த வரியில் வெறும் சுட்டுக்குறி மின்னிக்கொண்டிருந்தது. பட்டியலிட்டுப் பார்த்தேன். ஒரு கோப்பும் இல்லை. அந்தக் கணினிக்கு என் மாற்றுப்பெயர் தெரியாது. அது ஆர்எம் என்பதன் உண்மைப் பொருளையே செய்திருந்தது.

பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொப்பியில இருக்குது ரீச்சர், திரும்ப அடிப்பம்" என்றாள். கடற்கரை ஈரத்தில் உப்பிப்போன அந்தக் கொப்பியிலிருந்து நால்வரும் மூன்று நாட்கள் மீளத் தட்டெழுதினார்கள். பிழை கணினியினுடையதும் அன்று, மாணவருடையதும் அன்று. பட்டப்பெயரை உண்மைப் பெயர் என நம்பியது என் பிழை.

இதிலிருந்து பெற வேண்டிய விதி ஒன்று உண்டு. ஆபத்தான கட்டளையின் பெயரை மறைத்து மாற்றுப்பெயர் இடாதீர்கள். அதற்குப் புதிய பெயர் ஒன்றைக் கொடுங்கள்.

ஏலியஸ் அழி='ஆர்எம் -ஐ'

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தித்துப் பாருங்கள். பழக்கமற்ற கணினியில் அழி என எழுதினால், கட்டளை கண்டறியப்படவில்லை என்ற செய்தியே வரும். ஒன்றும் அழியாது. தெரியாத ஊரிற் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பமாட்டார்கள். தீங்கில்லை. ஆனால் "அந்தோனி" என்று கூப்பிட்டால் வேறோர் அந்தோனி வந்து நிற்பார். ஆர்எம் என எழுதியபோது எனக்கு நடந்தது அதுதான்.

மாற்றுப்பெயர் ஒன்றைத் தவிர்த்து மூலக் கட்டளையையே இயக்க விரும்பினால், பெயரின் முன்னே பின்சாய்கோடு ஒன்றை இட வேண்டும். அத்தடவைக்கு மாற்றீடு நிகழாது.

9. விண்டோஸில் இவ்வசதி

விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் டொஸ்கீ என்னும் கட்டளை இதே பணியைச் செய்கிறது. இது 1991இல் வெளிவந்த எம்எஸ்-டொஸ் 5.0 பதிப்பிலிருந்து உள்ளது. 2006இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பவர்ஷெல்லில் செற்-ஏலியஸ் என்னும் கட்டளை உண்டு. ஆனால் அது கட்டளையின் பெயருக்கு மாத்திரமே மாற்றுப்பெயர் தரும். தெரிவுகளைச் சேர்த்துக்கொள்ளாது. விண்டோஸ் பவர்ஷெல்லில் எல்எஸ் என எழுதினாலும் பட்டியல் வருவது ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. அங்கு எல்எஸ் என்பதே கெற்-சைல்ட்ஐற்றம் என்னும் நீண்ட கட்டளையின் மாற்றுப்பெயர்தான்.

வீட்டிற் கணினி இல்லாதவர்கள் அன்ட்ரொயிட் கைப்பேசியில் டேர்மக்ஸ் என்னும் செயலியை நிறுவி பாஷ் ஷெல்லைப் பழகலாம்.

10. மாணவர் வழமையாக விடும் தவறுகள்

தவறு: "மாற்றுப்பெயர் என்பது புதிய கட்டளை."
சரி: ஏற்கெனவே உள்ள கட்டளைக்கான சொல் மாற்றீடு ஆகும்.

தவறு: "ஒருமுறை உருவாக்கினால் எப்போதும் இருக்கும்."
சரி: அமைவுக் கோப்பில் எழுதாவிட்டால் அமர்வுடன் மறையும்.

தவறு: "என் கணினியில் உருவாக்கினால் எல்லாக் கணினியிலும் வேலை செய்யும்."
சரி: உருவாக்கிய கணினியில், உருவாக்கிய பயனரின் கணக்கில் மாத்திரமே செயற்படும்.

தவறு: "மாற்றுப்பெயரை நீக்கினால் மூலக் கட்டளையும் அழியும்."
சரி: பெயர் மாத்திரமே நீங்கும்.

11. பயிற்சி வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் மாற்றுப்பெயர் பற்றிய சரியான கூற்று எது?
(1) அது வன்பொருள் வகையைச் சேர்ந்தது.
(2) அது கட்டளையின் வேகத்தைக் கூட்டும்.
(3) ஷெல் அதனை அதன் விரிவால் மாற்றீடு செய்யும்.
(4) அதனை நீக்க முடியாது.

2. பின்வரும் வரியில் உள்ள தவறு யாது?
ஏலியஸ் பட்டியல் = 'எல்எஸ் -எல்'
(1) தமிழ்ப் பெயர் பாவிக்கப்பட்டமை
(2) சமக் குறியின் இருபுறமும் இடைவெளி விட்டமை
(3) மேற்கோட் குறி இட்டமை
(4) தெரிவு சேர்க்கப்பட்டமை

3. ஒரு மாணவி நேற்று உருவாக்கிய மாற்றுப்பெயர் இன்று அதே கணினியிற் செயற்படவில்லை. காரணத்தையும் தீர்வையும் எழுதுக.

4. கட்டளைவரி இடைமுகத்தின் ஒரு பிரதிகூலத்தை மாற்றுப்பெயர் எவ்வாறு குறைக்கிறது?

5. ஏலியஸ் ஆர்எம்='ஆர்எம் -ஐ', ஏலியஸ் அழி='ஆர்எம் -ஐ' ஆகிய இரண்டில் எதனைப் பரிந்துரைப்பீர்? காரணம் தருக.

விடைகள்

1. (3)

2. (2)

3. காரணம்: மாற்றுப்பெயர் அந்த அமர்வுக்கு மாத்திரம் உரியது. முனையச் சாளரம் மூடப்பட்டதும் அது மறைந்தது. தீர்வு: ஷெல்லின் அமைவுக் கோப்பில் அவ்வரியை எழுதிச் சேமித்தல்.

4. கட்டளைகளையும் தெரிவுகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டியமை ஒரு பிரதிகூலமாகும். நீண்ட கட்டளைக்கு இலகுவான, தாய்மொழியிலமைந்த பெயரை இடுவதால் நினைவுச் சுமையும் தட்டெழுத்துப் பிழையும் குறைகின்றன.

5. இரண்டாவது. முதலாவது மூலக் கட்டளையை மறைக்கிறது. அது இல்லாத கணினியில் ஆர்எம் என எழுதினால் கேள்வியின்றிக் கோப்புகள் அழியும். அழி என்னும் பெயர் இல்லாத கணினியில் பிழைச்செய்தி மாத்திரமே வரும்.

12. நினைவிற் கொள்க

• மாற்றுப்பெயர் = முழுக் கட்டளைக்கு இடும் சுருக்கப் பெயர்.
• உருவாக்க ஏலியஸ், நீக்க அன்ஏலியஸ், சோதிக்க ரைப்.
• சமக் குறியருகே இடைவெளி கூடாது. மேற்கோட் குறி அவசியம்.
• நிலைக்க அமைவுக் கோப்பில் எழுதுக.
• ஆபத்தான கட்டளைக்குப் புதிய பெயர் இடுக, பழைய பெயரை மறைக்காதீர்.

இறுதியாக ஒன்று. பரீட்சைக்கு ஆயத்தமாகும் நீங்களும் சுருக்கக் குறிப்புகள் பலவற்றை எழுதி வைத்திருப்பீர்கள். அவையும் ஒருவகை மாற்றுப்பெயர்களே. உங்கள் கொப்பியில் அவை விளங்கும். விடைத்தாள் திருத்துபவருக்கு விளங்கா. ஒவ்வொரு சுருக்கத்தின் அருகிலும் அதன் விரிவை இன்றே ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவற்றை மாத்திரம் நாளை மீளப் படியுங்கள்.